தோழி சம்பளம் வாங்குகிறாள், நான் இன்னும் படிக்கிறேன்: ஒரு மாணவியின் கேள்விக்குப் பதில்

கேள்வி: எங்களுக்குப் பல்லடம் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா விசைத்தறி வைத்துக் கூலிக்கு நெசவு செய்கிறார். நான் திருப்பூரில் ஓர் அரசுக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு இயற்பியல் படிக்கிறேன். ஆராய்ச்சி வரை போக வேண்டும் என்று ஆசை. பன்னிரண்டாம் வகுப்பு வரை என் பக்கத்தில் உட்கார்ந்து படித்த தோழி பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாள். சந்தித்தால் பேச ஒன்றுமில்லாமல் இருவரும் தவிக்கிறோம். வகுப்பிலும் என்னைப் போல் ஆசைப்படுகிறவர்கள் இல்லை. முன்னேற வேண்டுமானால் பழைய நட்புகளை உதற வேண்டும் என்று காணொளிகளில் சொல்கிறார்கள். டிகிரி முடிந்ததும் வீட்டில் ஜாதகத்தை எடுத்துவிடுவார்கள் என்ற பயம் வேறு. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

விட வேண்டாம், அம்மிணி. தோழியையும் விட வேண்டாம், ஆராய்ச்சி ஆசையையும் விட வேண்டாம். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்று யாரோ உங்களை நம்ப வைத்திருக்கிறார்கள். கொங்கு வட்டாரத்து அரசுக் கல்லூரிகளில் பல ஆண்டுகள் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். மேற்படிப்பு ஆசையோடு வந்து பாதியில் நின்றுபோன பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். நண்பர்களால் கெட்டவர்கள் அவர்களில் மிகக் குறைவு. ஆசையைச் சொல்ல ஆளில்லாமல் மனத்துக்குள்ளேயே பூட்டி வைத்திருந்து, மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் அது தானாக வற்றிப்போனவர்கள்தான் அதிகம். அதனால் உங்கள் கேள்வியை நான் திருப்பிப் போடுகிறேன். யாரை விடுவது என்பதை யோசிக்க வேண்டாம். யாரைக் கூட்டிக்கொள்வது என்பதை யோசியுங்கள்.

உங்கள் ஊரில் யாராவது ஒரு பெரியவர் கட்டாயம் சொல்லியிருப்பார்: "ஜி.டி. நாயுடு படித்தா பெரிய ஆளானார்?" இந்தப் பேச்சு நம் பக்கத்தில் பல பிள்ளைகளின் வாயை அடைத்திருக்கிறது. அதனால் அவர் கதையை முழுதாகத் தெரிந்துகொள்வது நல்லது. 1893-இல் கோவையை அடுத்த கலங்கலில் பிறந்தவர், பள்ளியைப் பாதியில் விட்டவர், 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பஸ்ஸை ஓட்டித் தொழில் தொடங்கியவர். 1937-இல் இந்தியாவிலேயே உருவான முதல் மின்மோட்டாரில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. இதுவரைக்கும் எல்லோரும் சொல்வார்கள். இதற்கு அடுத்த பகுதியைத்தான் சொல்ல மாட்டார்கள். 1945-இல் அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் கோவையில் பொறியியல் கல்லூரி ஒன்று உருவாக முன்னின்றவரும் அதே நாயுடுதான். இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி, நம் பேச்சில் ஜி.சி.டி., அதன் தொடர்ச்சி. பொள்ளாச்சியை அடுத்த கோதவாடியில் பிறந்து, தமிழ்வழியில் பள்ளி முடித்து, பொள்ளாச்சி நல்லமுத்துக் கவுண்டர் மகாலிங்கம் கல்லூரியில் புகுமுக வகுப்புப் படித்த மயில்சாமி அண்ணாதுரை பொறியியல் பட்டம் பெற்றது அந்த ஜி.சி.டி.யில்தான். முதுநிலைப் பட்டம் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில். 1982-இல் இஸ்ரோவில் சேர்ந்தார். 2008 அக்டோபர் 22 அன்று நிலவுக்குப் புறப்பட்ட சந்திரயான்-1 அவரைத் திட்ட இயக்குநராகக் கொண்டது. பள்ளியை முடிக்காத ஒருவர் கல்லூரி உருவாகப் பாடுபட்டார். உழவு பார்க்கும் கிராமத்துப் பையன் ஒருவர் அதில் படித்து நிலவுக்குக் கலம் அனுப்பினார். இந்த இருவரையும் எதிரெதிராக நிறுத்திப் பேசுகிறவர்களிடம் சண்டைக்குப் போக வேண்டாம். முழுக் கதையையும் சொல்லுங்கள், போதும்.

நம் மக்கள் படிப்பை மதிக்காதவர்கள் அல்லர். படிப்புக்குப் போகும் நாளைக் கணக்குப் பார்ப்பவர்கள். பாவு ஏற்றி, ஓட்டிய மீட்டருக்குக் கூலி வாங்கும் வீட்டில், ஐந்தாறு ஆண்டு கழித்து வரும் பலன் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. அந்தக் கணக்கு நியாயமானது. அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு உங்களுடையது. அதை எப்படிச் சொல்வது என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் தோழி. பேச ஒன்றுமில்லை என்கிறீர்கள். நீங்கள் அவளிடம் அவள் வேலையைப் பற்றி ஒழுங்காகக் கேட்டதில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பனியன் கம்பெனி ஒன்றில் துணியின் தரம் பார்க்கும் இடத்தில் நின்று பாருங்கள். துணி வந்ததும் வட்டமாக வெட்டும் ஒரு கருவியை அதன் மேல் வைத்து அழுத்தித் திருகுவார்கள். சரியாக 100 சதுர சென்டிமீட்டர் கொண்ட ஒரு வட்டத் துண்டு வரும். அதைத் தராசில் போட்டு, வரும் கிராமை நூறால் பெருக்கினால் அதுதான் ஜி.எஸ்.எம்., ஒரு சதுர மீட்டர் துணியின் எடை. 1.8 கிராம் காட்டினால் 180. டி-ஷர்ட்டுக்கு வாங்குபவர் கேட்டது 180 என்றால் துணி தேறியது. ஆனால் அதே துணியின் நடுவில் வெட்டினால் ஓர் எண், ஓரத்தில் வெட்டினால் வேறோர் எண். காலையில் ஒன்று, மழை பெய்த மாலையில் இன்னொன்று. ஏன்? பருத்தி காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வணிகக் கணக்கில் பருத்திக்கு 8.5 விழுக்காடு ஈரம் என்றே வைத்திருக்கிறார்கள். அளவீட்டில் பிழை எங்கிருந்து வருகிறது, எத்தனை இடத்தில் எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும், எந்த எண்ணை நம்பலாம் என்பதெல்லாம் உங்கள் செய்முறை வகுப்பின் முதல் பாடம். நீங்கள் அதைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறீர்கள். தரம் தேறாமல் துணி திரும்பி வந்தால் என்ன ஆகும் என்பதை உங்கள் தோழி கண் முன்னால் பார்க்கிறாள்.

ஆகவே அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய் இதைக் கேளுங்கள். பரிதாபப்பட்டுக் கேட்கக் கூடாது, கற்றுக்கொள்ளக் கேளுங்கள். அவள் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். தன் வேலையில் ஓர் அறிவு இருக்கிறது என்று கல்லூரிக்குப் போகும் தோழி ஏற்றுக்கொள்வது சாதாரண விஷயமில்லை. அதன் பிறகு நீங்கள் உங்கள் பாடத்தைச் சொன்னால் அவளும் கேட்பாள். "நீயும் தொலைநிலைக் கல்வியில் சேர்ந்து படி" என்று முதல் நாளே உபதேசம் தொடங்கிவிடாதீர்கள். ஒன்றரை ஷிப்ட் நின்று வேலை பார்த்துவிட்டு வந்தவளின் கால் வலி அவளுக்குத்தான் தெரியும். அவளுக்குப் படிக்கத் தோன்றும் நாளில் உங்களைத்தான் முதலில் தேடுவாள். அந்த நாளில் நீங்கள் அருகில் இருக்க வேண்டும் என்பதற்காகவும் சொல்கிறேன், உறவை அறுக்காதீர்கள்.

கோவையில் சிட்ரா என்று ஒரு நிறுவனம் 1956 முதல் இயங்குகிறது. தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம். நூல், துணி, இழையின் வலிமை என்று அங்கே நடப்பதில் பெரும்பகுதி இயற்பியல்தான். ஆராய்ச்சி என்றதும் பெங்களூரும் அமெரிக்காவும் மட்டும் உங்கள் மனத்தில் வருகிறதென்றால், இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் அப்பாவின் தறிக்கும் நீங்கள் படிப்பதற்கும் நீங்கள் நினைக்கும் தூரம் இல்லை.

இரண்டாவது, வகுப்பில் உங்களைப் போல் யாரும் இல்லை என்பது. இதை நான் நம்பவில்லை. எந்த வகுப்பிலும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள், வாய் திறக்க மாட்டார்கள், நீங்கள் திறக்காதது போலவே. அவர்களைக் கண்டுபிடிக்கும் வழி, "யாருக்கு ஆராய்ச்சி ஆசை?" என்று கேட்பது அல்ல. ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள், தானாக வருவார்கள்.

எந்தக் கணக்கு என்று சொல்கிறேன். கம்பிச்சுருள் ஒன்றில் ஓர் எடை தொங்குகிறது. இழுத்து விட்டால் மேலும் கீழும் ஆட 2 விநாடி ஆகிறது. அந்தச் சுருளைச் சரிபாதியாக வெட்டி, ஒரு பாதியில் அதே எடையைத் தொங்கவிட்டால் எத்தனை விநாடி? அலைவு நேரத்துக்கான சமன்பாட்டை வருவிக்கச் சொன்னால் நம் மாணவிகள் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பக்கம் எழுதுவார்கள். இந்தக் கேள்வியைக் கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடும். சிலர் ஒரு விநாடி என்பார்கள், சிலர் மாறாது என்பார்கள். இப்போது நிதானமாக யோசியுங்கள். முழுச் சுருள் ஓர் எடைக்குப் பத்து சென்டிமீட்டர் நீள்கிறதென்றால், மேல் பாதி ஐந்து, கீழ்ப் பாதி ஐந்து நீண்டிருக்கிறது. அப்படியானால் பாதிச் சுருள் மட்டும் அதே எடைக்கு ஐந்துதான் நீளும். அதாவது அது இரண்டு மடங்கு விறைப்பு. அலைவு நேரம் விறைப்பின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதம், எனவே 2-ஐ வர்க்கமூலம் இரண்டால் வகுக்க வேண்டும். விடை 1.41 விநாடி. என் மாணவிகள் சிலர் வராந்தாத் தரையில் சாக்பீஸால் இந்தச் சுருளை வரைந்து, பஸ்ஸுக்கு நேரமாவது தெரியாமல் வாதாடியதைப் பார்த்திருக்கிறேன். ஒருத்தி விடாமல் "ஏன் பாதி இரண்டு மடங்கு விறைக்கிறது, முதலில் அதைச் சொல்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்தக் கேள்விதான் இயற்பியல். பாடத்தில் நடுவிதமாக இருந்த அவளிடமிருந்து மற்றவர்கள் அன்று கற்றுக்கொண்டார்கள்.

இப்படி மூன்று நான்கு பேர் போதும். வாரத்தில் இரண்டு நாள், வகுப்பு முடிந்ததும் ஒரு மணி நேரம். ஆளுக்கு ஒரு கணக்கு கொண்டு வர வேண்டும், கரும்பலகையில் நின்று விளக்க வேண்டும், மற்றவர்கள் குறுக்கே கேட்க வேண்டும். கைபேசியில் குழு தொடங்குவது எளிது, அதில் வணக்கம் சொல்வதோடு நின்றுவிடும். நேரில் கூடுங்கள். ஒருவர் வராவிட்டாலும் நடத்துங்கள்.

ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் தேர்வு கேட்பது முழுக்க இந்த வகைக் கேள்விகளைத்தான். 3 மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண். அவற்றில் 20 கேள்விகளுக்குத் தேர்ந்தெடுக்க விடைகளே கிடையாது, எண்ணை நாமே கண்டுபிடித்துத் தட்ட வேண்டும். பருவத் தேர்வில் முதல் மாணவியாக வருகிறவர்கள் இங்கே தடுமாறுவதற்குக் காரணம் அறிவுக் குறைவு அல்ல, பழக்கமின்மை. முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இளநிலை மூன்றாம் ஆண்டில் இருக்கும்போதே எழுதலாம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஒருங்கிணைந்த முனைவர் படிப்புக்கும் இதே தேர்வு வழியாகப் போகலாம். அங்கே சேர்ந்ததிலிருந்தே மாதந்தோறும் உதவித்தொகை உண்டு. வீட்டில் பேசும்போது இது உங்களுக்குக் கைகொடுக்கும்.

ஆங்கிலத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் அந்தப் பயம் இருக்கும். தமிழ்நாடு அரசின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் புத்தகங்கள் 2018-லும் 2019-லும் புதிதாக எழுதப்பட்டவை. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே பத்தியை முதலில் தமிழிலும் பிறகு ஆங்கிலத்திலும் படியுங்கள். தமிழில் புரிந்த ஒன்றை ஆங்கிலத்தில் சொல்ல ஓராண்டுப் பழக்கம் போதும். புரியாத ஒன்றை எந்த மொழியிலும் சொல்ல முடியாது.

அந்தக் காணொளிகள். விடியற்காலை எழுவது, குளிர்ந்த நீரில் குளிப்பது, நாட்குறிப்பு எழுதுவது எல்லாம் தவறில்லை. ஆனால் உங்கள் வளர்ச்சியை அளக்க நான் வேறு கேள்விகள் கேட்பேன். ஆறு மாதம் முன்பு பேசப் பயந்த பேராசிரியரிடம் இப்போது போய்ச் சந்தேகம் கேட்க முடிகிறதா? கரும்பலகை முன் நின்றால் கை நடுங்குவது குறைந்திருக்கிறதா? ஒரு விண்ணப்பக் கடிதத்தை யார் உதவியும் இல்லாமல் எழுத முடிகிறதா? தவறாகப் போட்ட கணக்கைத் தோழிகள் முன்னால் தவறு என்று ஒப்புக்கொள்ள முடிகிறதா? இவை எதுவும் அறைக்குள் தனியாக உட்கார்ந்து வருபவை அல்ல. ஆட்களோடு பழகித்தான் வரும். நண்பர்களை உதறச் சொல்கிறவர்கள் மேல் எனக்கு வருத்தம் வருவது இதனால்தான். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பெண்ணுக்கு வீட்டில் வழிகாட்ட ஆளில்லை. இருப்பது தோழிகள் மட்டுமே. அவர்களையும் விட்டுவிடு என்றால் அவள் எங்கே போவாள்?

உங்கள் கூட்டம் ஓரளவு நிலைத்ததும், ஆசிரியர் ஒருவரைப் பிடித்து, கல்லூரி வழியாக அனுமதி வாங்கி ஊட்டி ரேடியோ தொலைநோக்கியைப் பார்த்துவிட்டு வாருங்கள். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1970-இல் முத்தோரையில் அமைத்தது. அதை மலைச்சரிவில் ஏன் கட்டினார்கள் என்று அங்கே போய் நின்று யோசியுங்கள். அந்த இடத்தின் அட்சரேகை ஏறத்தாழ 11 டிகிரி, சரிவும் ஏறத்தாழ 11 டிகிரி. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமி சுழலும் அச்சுக்கு இணையாக அமைந்துவிடுகிறது. ஒரே அச்சில் திருப்பினாலே வானத்துப் பொருள் ஒன்றை மணிக்கணக்கில் தொடரலாம். கோவிந்த் ஸ்வரூப் என்ற அறிவியலாளரின் யோசனை அது. பல்லடத்திலிருந்து காலையில் கிளம்பினால் மாலைக்குள் திரும்பிவிடலாம். உங்கள் பனியன் கம்பெனித் தோழிக்கு விடுமுறை கிடைத்தால் அவளையும் அழைத்துப் போக முடியுமா என்று ஆசிரியரிடம் கேளுங்கள்.

கோடை விடுமுறைக்கு இன்னொரு வழி. பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ் நகரங்களில் உள்ள மூன்று தேசிய அறிவியல் அகாடமிகள் சேர்ந்து, கல்லூரி மாணவர்களை இரண்டு மாதம் ஓர் ஆராய்ச்சியாளரிடம் அனுப்பி வைக்கும் உதவித்தொகைத் திட்டம் நடத்துகின்றன. ஆண்டின் கடைசி மாதங்களில் விண்ணப்பம் கேட்பார்கள். அதற்கு ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் தேவை. உங்களைப் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்த ஆசிரியர்தான் நல்ல கடிதம் எழுத முடியும். சந்தேகம் கேட்கப் போகச் சொன்னது இதற்காகவும்தான்.

கடைசியாக வீடு. "எனக்குக் கல்யாணமே வேண்டாம், ஆராய்ச்சிதான்" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அப்பா கணக்குப் பார்ப்பவர், கணக்கோடு போங்கள். எந்தத் தேர்வு, எந்த மாதம், எங்கே படிப்பு, எத்தனை ஆண்டு, விடுதி எவ்வளவு, உதவித்தொகை எவ்வளவு என்று ஒரே தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் இப்போதே வந்துகொண்டிருக்கும். அதில் என்ன செய்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். புத்தகத்துக்கும் பயணத்துக்கும் செலவழித்தது தெரிந்தால் அவருக்கு நம்பிக்கை வரும். தேர்வு எழுதவும் முடிவு தெரியவும் எவ்வளவு நாள் வேண்டுமோ அந்த அவகாசத்தை மட்டும் கேளுங்கள். வெளியூரில் இடம் கிடைக்காவிட்டால் கோவையிலேயே எம்.எஸ்சி. என்ற இரண்டாவது வழியையும் அந்தத் தாளில் வையுங்கள், பாரதியார் பல்கலைக்கழகத்திலும் இயற்பியல் துறை இருக்கிறது.

அப்பாவிடம் போவதற்கு முன் வீட்டில் ஒருவரையாவது உங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில் அது பெரும்பாலும் அம்மாயிதான், அதாவது அம்மாவின் அம்மா. தனக்குக் கிடைக்காத படிப்பின் அருமை அவர்களுக்குத் தெரியும், அவர்கள் சொல்லை மருமகன் தட்ட மாட்டார். உங்கள் ஆசிரியை ஒருவரை வீட்டுக்கு அழைத்து ஒரு டம்ளர் காபி கொடுத்துப் பேச வைப்பதும் நல்லது. கல்லூரிப் பெண்களைப் பெற்றவர்கள், ஆசிரியர் வீடு தேடி வந்து சொன்னால் காது கொடுத்துக் கேட்கிறார்கள்.

ஜாம் விண்ணப்பம் பொதுவாகச் செப்டம்பரில் திறக்கும், தேர்வு பிப்ரவரியில். பெண்களுக்குக் கட்டணம் குறைவு. அதற்குள் ஒரு வேலையை முடித்து வையுங்கள். நீங்கள் பிற்படுத்தப்பட்ட வகுப்பு என்றால் நம் மாநிலச் சாதிச் சான்றிதழ் அங்கே செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், வசதி படைத்த பிரிவைச் சேராதவர் என்று வட்டாட்சியர் தரும் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வேண்டும். அது எந்தத் தேதிக்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும் என்பதை அந்த ஆண்டின் தேர்வு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாம் ஆண்டு தொடங்கிய ஜூன் மாதத்திலேயே பல்லடத்து இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். கடைசி நேரத்தில் இந்த ஒரு தாளுக்காக அலைந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். உங்களோடு கணக்குப் போடும் கூட்டத்தில் இருப்பவர்களுக்கும் இதைச் சொல்லி, எல்லோரும் ஒரே நாளில் போய் வாங்கி வாருங்கள்.